நூலகத்தில் தொங்கும் நெசவுக் கலை: கண்ணுக்கு மட்டுமா, காதுக்குமா?

நெசவைக் கருவாகக் கொண்ட பெரிய கலைப்படைப்புகளைச் சமுதாய நூலகங்களின் கூடத்தில் தொங்கவிடும்போது எல்லோரும் வண்ணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அவை செய்யும் பெரிய வேலை காதுக்கானது. சரியாக அமைந்த படைப்பு அந்தக் கூடத்தின் ஒலியையே மாற்றிவிடும்.

கூடத்தில் உள்ள கண்ணாடி, கான்கிரீட், தரை ஓடு ஆகியவை தம்மீது படும் ஒலியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு நாற்காலியை இழுத்த சத்தம் ஓய்வதற்குள் அடுத்த பேச்சு அதன்மேல் ஏறிக்கொள்கிறது. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் சொன்ன சொல் சுமார் 5.5 விநாடிகள் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய வந்த இளம் இயற்பியலாளர் வாலஸ் சேபின், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகக் கொண்டுவந்து அடுக்கினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளிமையானது: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் (கூடத்தில் உள்ளவை எல்லாம் சேர்ந்து விழுங்கும் ஒலியை, ஒலியை முழுவதுமாக விழுங்கும் ஒரு பரப்பின் அளவாகச் சொல்வது) வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். 1000 கன மீட்டர் கூடத்தில் உறிஞ்சுபரப்பு 80 சதுர மீட்டர் என்றால் 2 விநாடி. துணியால் இன்னொரு 80 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பைச் சேர்த்தால் அது 1 விநாடியாகக் குறைகிறது.

துணிக்குள் போன ஒலி என்ன ஆகிறது? ஒலி என்பது காற்றின் முன்பின் அசைவு. அந்தக் காற்று இழைகளின் இடுக்குகளில் புகுந்து உராயும்போது ஒலியாற்றல் வெப்பமாகிவிடுகிறது. சூடு நமக்குத் தெரியாது. சாதாரணப் பேச்சின் ஒலித்திறனே ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குதான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். துணியைச் சுவரோடு ஒட்டினால் பயன் குறைவு. சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது. அசைவு இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. சுவரிலிருந்து ஒலி அலைநீளத்தின் கால் பங்கு தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 8.5 சென்டிமீட்டர், 500 ஹெர்ட்ஸுக்கு 17. ஆகவே இடைவெளி கூடக்கூடத் தாழ்ந்த குரல்களும் சிக்கும். மடிப்பு மடிப்பாக விழும் துணி, தட்டையாக இழுத்துக் கட்டியதைவிட நன்றாக உறிஞ்சும். நடுக்கூடத்தில் தொங்குவதற்கு இரு பக்கமும் வேலை செய்யும் வசதி உண்டு.

துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றே தடைபட்டு மறுபுறம் வந்தால் நல்ல துணி. வரவே இல்லையென்றால் அது ஒலியைத் திருப்பி அனுப்பும். தடையே இல்லாமல் வந்தால் ஒலியும் அப்படியே கடந்துவிடும். நெசவைப் போலத் தோன்றும்படி உலோகத்திலோ அக்ரிலிக் தகட்டிலோ செய்த படைப்புகளும் உண்டு. அவை அழகாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே அதிரும் கூடத்தில் இன்னொரு கடினப் பரப்பைக் கூட்டுகின்றன. துளையிட்ட உலோகமாக்கி, பின்னால் கம்பளி நமுதாவை (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த கம்பளி விரிப்பு) வைத்தால் அந்தக் குறை தீரும். எந்தத் துணியானாலும் பக்கத்து அறையின் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவர் வேண்டும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. வாசகர் மேசைக்கோ 500 லக்ஸ் தேவை. சாயம் வெளுப்பது மொத்த வெளிச்சத்தைப் பொறுத்தது: 50 லக்ஸில் பத்து மணி நேரம் ஏற்படும் சேதம் 500 லக்ஸில் ஒரே மணி நேரத்தில் ஏற்பட்டுவிடும். ஆகவே விளக்கை மேசைக்கு மட்டும் திருப்புவதும், ஜன்னலில் புற ஊதாவைத் தடுக்கும் படலம் ஒட்டுவதும் அவசியம். பல ஆண்டுகள் தொங்க வேண்டிய படைப்புக்கு, நூலாக இழுப்பதற்கு முன்பே உருகிய பாலிமரில் (செயற்கை இழையின் மூலப்பொருள்) நிறமியைக் கலந்து செய்த இழைகளைத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் நிறம் இழையின் உள்ளே வரை பரவியிருப்பதால், மேலே தோய்த்த சாயத்தைவிட நெடுநாள் தாங்கும்.