குளிர்நீரில் டைவ் செய்து மூழ்கிய கப்பல் பார்க்கப் போகிறீர்களா? வால்வு கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே உள்ளது ஸ்காப்பா ஃப்ளோ என்ற குடா. 1919 ஜூன் 21 அன்று பிரிட்டிஷ் காவலில் இருந்த ஜெர்மன் போர்க்கப்பல்களை அவற்றின் மாலுமிகளே இங்கு மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவற்றைப் பிறகு பழைய இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள். எஞ்சிய ஏழு பெரிய கப்பல்களில் கார்ல்ஸ்ரூஹே சுமார் 25 மீட்டரிலும், மார்க்கிராஃப் சுமார் 45 மீட்டரிலும் கிடக்கின்றன. கோடையிலேயே நீர் 13 டிகிரிதான். ஏப்ரலில் 7-ஐ ஒட்டி இருக்கும். புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் கற்றவர்கள் நீர் புகாத உடையான டிரை சூட்டைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

200 பார் அழுத்தத்தில் உள்ள காற்று, ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டரோடு மாட்டும் பகுதி) சட்டென்று 10 பார் அளவுக்கு இறங்கும்போது விரிந்து சில்லிடுகிறது. உலோகம் பூஜ்யத்துக்குக் கீழே போய், ஒட்டியிருக்கும் நீர் உறைந்து, வால்வு மூடமுடியாமல் சிக்கிக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டும். இதுதான் ஃப்ரீ ஃப்ளோ. 35 மீட்டர் ஆழத்தில் 12 லிட்டர் சிலிண்டர் சில நிமிடங்களில் காலி. மூச்சை இழுத்துக்கொண்டே டிரை சூட்டுக்குக் காற்று விடுவது, வாய்ப்பகுதியில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்திப் பார்ப்பது, படகின் மேல்தட்டில் குளிர்காற்றில் நின்று ஊதிச் சோதிப்பது எல்லாம் இதற்கு வழிவிடும்.

எனவே குளிர்நீருக்கென்றே நீர் புகாதபடி அடைத்துச் செய்த முதல் நிலைகள் இரண்டு, சிலிண்டரின் தனித்தனி வால்வுகளில் வேண்டும். டிரை சூட் குழாயை, மூச்சு வாங்கும் ரெகுலேட்டரில் மாட்டாமல் மற்றதில் மாட்டுங்கள். கொட்டத் தொடங்கினால் மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்து, கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு, கொட்டும் பக்கத்து வால்வை மூடவேண்டும். நீச்சல்குளத்தில் வெறுங்கையால் இதைச் செய்தவருக்கு, சூட்டுக்குள் தடித்த உடுப்பும் கையில் கையுறையும் ஏறியபின் வால்வின் திருகு விரலுக்கே எட்டாது. எட்டாவிட்டால் சிலிண்டர்களைச் சற்று மேலே ஏற்றிக் கட்டுங்கள். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் நாலைந்து முறை மூடித் திறந்து பார்க்காமல் கப்பலுக்கு இறங்க வேண்டாம். மூடி வைத்தால் பனி இளகிவிடும்தான். ஆனாலும் அன்றைய டைவ் அத்தோடு முடிந்தது.

மார்க்கிராஃப் போன்ற போர்க்கப்பல்கள் கவிழ்ந்து கிடப்பதால் உள்ளே தரை மேலேயும் கூரை கீழேயும் இருக்கும். நாம் விடும் காற்றுக்குமிழ்கள் தலைக்கு மேலுள்ள துருவை உதிர்க்க, வந்த வழி மறைந்துபோகும். வழிகாட்டும் கயிறு கட்டாமல் நுழையவே கூடாது. இரட்டை 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் என்றால் 4800 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கான 1600 லிட்டர் தீர்ந்ததும் திரும்பவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. குளிர்நீரில் அதுவே தாராளம் என்பேன். முன்னதாகவே திரும்புங்கள்.

மேலே வரும்போது உடம்பு சில்லிட்டிருந்தால் கை கால்களில் ரத்த ஓட்டம் குறைந்து, ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் உங்கள் டைவ் கம்ப்யூட்டர் அதைக் கணக்கில் எடுக்கும் என்று நம்பியிராமல், 6 மீட்டரில் கூடுதலாகச் சில நிமிடம் நில்லுங்கள். படகேறியதும் வெந்நீர்க் குளியலுக்கு ஓடவேண்டாம்.

இதே குடாவில் 1939-ல் எண்ணூறுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக், போர்க் கல்லறை. அங்கே டைவ் செய்ய அனுமதி இல்லை.