ஷ்ராப்னல் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போர்ச் செய்திகளில் அடிபடும் ‘ஷ்ராப்னல்’ என்ற சொல் உண்மையில் ஒருவரின் குடும்பப் பெயர். பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி ஹென்றி ஷ்ராப்னல் (1761–1842), உள்ளே ரவைகளை, அதாவது சிறு உலோக உருண்டைகளை, நிரப்பி, எதிரிப் படையின் தலைக்கு மேலே காற்றிலேயே வெடிக்கும்படி திரி வைத்த உருண்டைக் குண்டு ஒன்றை 1784 வாக்கில் உருவாக்கினார். 1803-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, முதலில் அந்தச் சொல் முழுக் குண்டையே குறித்தது. பிற்காலத்தில் அந்தக் குண்டு வழக்கொழிந்துபோனது; பெயர் மட்டும் தங்கி, வெடிகுண்டிலிருந்து தெறிக்கும் எந்தத் துண்டுக்கும் ஆகிவந்தது.

இன்றைய குண்டில் ரவை தேவையில்லை, குண்டின் எஃகுக் கூடே போதும். 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ இருக்கும். அதில் வெடிமருந்து, வகையைப் பொறுத்து, சுமார் 7 முதல் 11 கிலோதான். மீதி பெரும்பாலும் எஃகு. வெடித்ததும் அந்த எஃகு கிழிந்து, பிளேடு போன்ற விளிம்புள்ள துண்டுகளாக நாலாபுறமும் பாயும். நகரத்தில் வெடித்தால் கட்டடமும் சேர்ந்து தெறிக்கும். குண்டின் எஃகு எட்டாத தெருவிலும் அதிர்வலையில் ஜன்னல்கள் நொறுங்கி, கண்ணாடி வீட்டுக்குள் பாயும். உக்ரைனில் மக்களுக்கு ‘இரண்டு சுவர்’ விதியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: வெளிச்சுவர் அதிர்வைத் தாங்கும், உள்சுவர் தெறித்து வருவதைத் தடுக்கும். அதனால்தான் அங்கே பல குடும்பங்கள் ஜன்னல் இல்லாத நடைவழியில் படுத்து உறங்குகின்றன.

நம் செய்தித்தாள்கள் ‘குண்டுச் சிதறல்’ என்று எழுதுகின்றன. பீரங்கிக் குண்டான ஷெல்லுக்கு ‘எறிகணை’ என்ற நல்ல சொல்லை வழங்கும் ஈழத்தமிழில் ‘எறிகணைச் சிதறல்’. பேச்சில் ‘செல் துண்டு’. இவை தவறில்லை. ஆனாலும் ‘சிதறல்’ எனக்குப் போதவில்லை. அது சிதறும் செயலையும் குறிக்கும், சிதறிய பொருளையும் குறிக்கும். ‘சிதறலில் காயமடைந்தார்’ என்று படிக்கும்போது உடம்புக்குள் ஒரு பொருள் புகுந்து கிடக்கிறது என்பதே மனத்தில் பதிவதில்லை. ‘சில்லு’ என்றால் உடைந்த துண்டு. கையில் எடுக்கலாம், காலில் குத்தும். கண்ணாடிச் சில்லு என்று எல்லோரும் சொல்கிறோமே! ‘வெடிச்சில்லு’ என்று எழுதினால் எஃகு, கண்ணாடி, காங்கிரீட் மூன்றும் அதில் அடங்கிவிடும். ஷ்ராப்னலின் அந்தப் பழைய குண்டை மட்டும் ‘ரவைக்குண்டு’ எனலாம்.

சில்லு எந்தப் பொருளால் ஆனது என்பது மருத்துவருக்கு வெறும் சொல் விவகாரம் அல்ல. எஃகுச் சில்லு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பிளாஸ்டிக்கும் மரச்சிம்பும் எளிதில் தெரியாது. எக்ஸ்ரேக்குத் தப்பும் சில்லுகளால் காயப்படுத்துவதையே முதன்மை விளைவாகக் கொண்ட ஆயுதங்களை 1980-இல் உருவான ஒரு சர்வதேச நெறிமுறை தடைசெய்தது. எஃகுச் சில்லுக்கு அப்படி ஒரு தடை இல்லை. அதிலிருந்து மக்களைக் காக்க, அகன்ற பரப்பில் பாதிப்பு ஏற்படுத்தும் குண்டுகளை ஊருக்குள் போடாமல் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் டப்ளினில் 80-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற அரசியல் பிரகடனம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் பொதுமக்களுக்குத் தீங்கு நேரக்கூடும் என்றால் வெடியாயுதப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள் அல்லது தவிர்த்துவிடுங்கள். ஆனால் அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. நாடுகள் கொடுத்த வாக்கு மட்டுமே.