ட்ரையம்ஃப் டிஆர்3: ஸ்டியரிங் பாக்ஸும் அந்த ஒற்றை ஸ்குருவும்

ட்ரையம்ஃப் டிஆர்3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் வீலை இரண்டு விரற்கடை இப்படியும் அப்படியும் அசைத்தும் முன்சக்கரம் அசையவில்லை என்றால், பலருக்கும் கை உடனே போகும் இடம் ஒன்று உண்டு. வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டிதான் ஸ்டியரிங் பாக்ஸ். அதன் மேல்மூடியில், தளராமல் பிடிக்கும் லாக் நட்டோடு நிற்கும் ஸ்குருதான் அந்த இடம். ஸ்குருவைக் கொஞ்சம் இறுக்கினால் ஆட்டம் போய்விடும். ஆனால் அடுத்த வளைவில் திரும்பிய வீல், வளைவு முடிந்த பிறகும் தானாக நேருக்கு வராது. முதலில் இருந்த ஆட்டத்தைவிட இது ஆபத்தானது.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கப் பெட்டிக்குள் போக வேண்டும்.

1953இல் வந்த டிஆர்2, 1955இல் வந்த டிஆர்3 இரண்டிலும் இருப்பது பிஷப் கேம் வகைப் பெட்டி. ஸ்டியரிங் தண்டின் அடிமுனையில் தடித்த திருகு போன்ற ஒரு கேம். அதைச் சுற்றி ஆழமான பள்ளம் ஓடுகிறது. பக்கத்தில் செங்குத்தாக ராக்கர் ஷாஃப்ட் என்ற இன்னொரு தண்டு. அதிலிருந்து நீளும் சிறு கையில் கூம்பு வடிவ முளை ஒன்று பொருத்தியிருக்கும். அந்த முளை கேமின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வீலைத் திருப்பினால் கேம் சுழல்கிறது, பள்ளம் முளையைத் தள்ளுகிறது, ராக்கர் ஷாஃப்ட் திரும்புகிறது. ஷாஃப்ட்டின் அடியில் உள்ள டிராப் ஆர்ம் என்ற கை அந்த அசைவை ராடுகள் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிறது.

முளை கூம்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தேய்மானம் வந்தால் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் போதும், இடைவெளி மூடிக்கொள்ளும். மேல்மூடி ஸ்குருவின் வேலை அதுதான்.

தேய்மானம் எவ்வளவு இருந்தால் கைக்குத் தெரியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முளைக்கும் ஷாஃப்ட்டின் மையத்துக்கும் இடையே 45 மில்லிமீட்டர், பெட்டியின் விகிதம் 12க்கு 1, வீலின் விட்டம் 17 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முளையில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி வந்தாலே வீலின் விளிம்பில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் ஆட்டமாகிவிடும். தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் உலோகம் தேய்ந்திருக்கிறது, ஆனால் கையில் அது பெரிதாகத் தெரிகிறது.

அந்தத் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வராது. கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் பள்ளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அடிவாங்கும். இதைத் தெரிந்தே வடிவமைத்தவர்கள் நடுவில் பிடிப்பு இறுக்கமாகவும், இரு ஓரங்களுக்குப் போகப்போகச் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி கேமை வெட்டினார்கள். நடு தேயத் தேய இறுக்கிக்கொள்ள அந்தத் தளர்வு இடம் கொடுக்கும். அது தீர்ந்த பிறகும் நடுவை வைத்து இறுக்கினால், தேயாத ஓரங்களில் முளை சிக்கிக்கொள்ளும். வளைவில் வீல் திரும்பி வராததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஸ்குரு கடைசியில்தான். முதலில் சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் வீலை லேசாக ஆட்டட்டும், இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்கட்டும். ராடுகளின் முனையில் உள்ள குண்டு மூட்டுகளான பால் ஜாயின்ட், எதிர்ப்பக்கத்தில் ராடைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், பெட்டியைக் காரின் சட்டமான சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஆகிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பெட்டியே ஆடுகிற கார்களில் உள்ளே எதைச் சரிசெய்தும் பயனில்லை. அடுத்து வீலை மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். தண்டு நீளவாக்கில் அசைந்தால் கேமின் இரு முனையிலும் உள்ள பேரிங்குகள் தளர்ந்திருக்கின்றன. அதற்கு மருந்து ஸ்குரு அல்ல. பெட்டியின் முன்மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடுகளில் ஒன்றிரண்டை எடுக்க வேண்டும்.

இவையெல்லாம் சரி என்றால் டிராப் ஆர்மிலிருந்து ராடைக் கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்த வேண்டும். ராடு கழன்றிருந்தால்தான் பெட்டியின் பிடிப்பு மட்டும் கையில் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குருவை மெல்ல இறுக்கி, நடுவைக் கடக்கும்போது மட்டும் ஒரு சின்னப் பிடிப்பு தட்டுப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஓரங்களில் இறுகினால் உடனே தளர்த்திவிட்டு, பெட்டியைப் பிரிக்கத் தயாராக வேண்டியதுதான்.

பிரிப்பது சின்ன வேலை இல்லை. நீளமான தண்டும் பெட்டியும் ஒரே துண்டாக இருக்கும் கார்களில் அதை முன்பக்கமாகத்தான் உருவ முடியும். அதற்குக் காரின் முன்முகத் தகட்டையும் கழற்ற வேண்டும். டிராப் ஆர்மை எடுக்கும் முன் ஷாஃப்ட்டிலும் ஆர்மிலும் குறி போட்டுக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வைத்து எடுங்கள். உள்ளே பேரிங் குண்டுகள் உதிரியாக இருக்கும். எண்ணி வையுங்கள்.

கூம்பு முளையில் தட்டைத் தழும்பு இருந்தால் முளையை மாற்றலாம். கேமின் பள்ளத்தில் கடினமான மேற்பரப்பு பெயர்ந்து குழி விழுந்திருந்தால் புதிய கேம்தான் வழி. ராக்கர் ஷாஃப்ட் ஓடும் உறை வளையமான புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்கிறது, ஆயிலும் அங்கிருந்தே கசிகிறது. புதிய புஷ்ஷை அழுத்திப் பொருத்தி, அதன் துளையை ஷாஃப்ட்டின் அளவுக்கு ரீமர் என்ற கருவியால் கடைய வேண்டும். டிராப் ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்துவிடுவது என் கருத்தில் கட்டாயம். உடைந்தால் ஸ்டியரிங்கே போய்விடும் பாகங்கள் அவை.

ஹார்ன், இண்டிகேட்டர் வயர்கள் தண்டின் நடுவே ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து, பெட்டியின் முன்முனையில் வெளியேறுகின்றன. அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் நட்டுக்குள் ஒரு சிறு பித்தளை வளையம் இருக்கும். அது சரியாக நசுங்கி உட்காராவிட்டால் ஆயில் சொட்டும். நிரப்புவது கியர் ஆயில்தான். கெட்டியான கிரீஸை அடைத்தால் முளை அதை ஒருமுறை ஒதுக்கிவிடும், அது திரும்பி வராது, பள்ளம் காய்ந்துபோகும்.

டிஆர்4 1961இல் வந்தபோது ட்ரையம்ஃப், சிறு பல்சக்கரம் பல் வெட்டிய தண்டை நகர்த்தும் ரேக் அண்டு பினியனுக்கு மாறிவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் அதுவே இருந்தது, ஆகவே அதை ஓட்டியவர்களுக்கு இந்த ஸ்குருவோடு வேலை இருந்திருக்காது.