சும்மா போய்வரும் கை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “புளூகிராஸ் கிதார் கற்கத் தொடங்கியிருக்கிறேன். கம்பியைத் தொட வேண்டாத இடத்திலும் கையை மேலே கொண்டுபோகச் சொல்கிறார் ஆசிரியர். சத்தமே வராத அசைவு எதற்கு?”

அமெரிக்காவின் கென்டக்கிக்காரரான பில் மன்றோவின் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவின் பெயரே புளூகிராஸ் என்ற இந்த நாட்டுப்புறச் சாயல் இசைக்கும் ஒட்டிக்கொண்டது. 1945 கடைசியில் பாஞ்சோ வாசிக்க ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தபின் அதன் உருவம் நிலைத்தது. வழக்கமான குழுவில் டிரம்ஸ் கிடையாது. நான்கு அடிகளில் 1, 3 தாழ்ந்த சுரம் தரும் பாஸுக்கு. 2, 4 மாண்டலின் வெட்டும் ‘சக்’குக்கு. கிதார் இரண்டு வேலையையும் செய்கிறது: டும், சக், டும், சக். ஜி கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) முதல் ‘டும்’ ஆறாம் கம்பியில் 98 ஹெர்ட்ஸ். அடுத்த ‘டும்’ நான்காம் கம்பியில் 147. விகிதம் 2:3, நம் ச–ப தான்.

நான்கும் மேலிருந்து கீழே மீட்டுபவை. அப்படியானால் நடுவில் கை நான்கு முறை மேலேறியாக வேண்டும். வாசகர் கேட்பது இந்த வெற்றுப் பயணத்தைப் பற்றி. என்னைக் கேட்டால் மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது.

வேகம் நிமிடத்துக்கு 200 அடி என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு அடி 0.3 விநாடி. ஒரு சத்தத்தைக் கேட்டபின் கை அசையத் தொடங்க ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும். அதாவது பாதி அடி! மாண்டலின் ‘சக்’ என்றதும் மீட்டலாம் என்று காத்திருந்தால், நம் ‘சக்’ அரை இடம் தள்ளித்தான் விழும். கை முன்பே கிளம்பியிருக்க வேண்டும். நின்ற கை என்றால் எப்போது கிளம்புவது என்று மூளை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும் கைக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலே போக எடுத்த நேரமே கீழே வரவும். காதில் விழுவது அடுத்த ஆட்டத்தைச் சற்று முன்பின் திருத்துவதற்கு மட்டும்.

மெட்டு வாசிக்கும்போதும் இதே கைதான். அடியில் விழும் சுரத்துக்குக் கீழ்மீட்டு, இரண்டு அடிக்கு நடுவே அரையிடத்தில் வரும் சுரத்துக்கு மேல்மீட்டு. அரையிடத்தில் சுரம் இல்லையா? கை சும்மா போய்வரும். கம்பி மாறினாலும் இந்த விதி மாறாது. ஆறாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குத் தாவும்போதுதான் ஆரம்பக்காரர்கள் ஆசைப்பட்டு இரண்டு கீழ்மீட்டு போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியில் கடிகாரம் நின்றுவிடுகிறது. நானும் பல மாதம் அப்படி நிறுத்திக்கொண்டிருந்தவன். பிடிலுக்கென்று அமைந்த மெட்டுகளைக் கிதாரில் பறக்கவிட்ட டாக் வாட்சனின் வலக்கையைப் பதிவுகளில் பாருங்கள், பிடில் வில் போய்வருவது போலவே இருக்கும். கண்பார்வை இல்லாதவர் அவர். அதைக் ‘கைராசி’ என்று சொல்லிவிட்டு நகர்வது அவருடைய உழைப்பை அவமதிப்பது.

ராசி என்றதும் நினைவுக்கு வருகிறது: அழுங்காமை ஓட்டில் செய்த பிக்கில் (கம்பியை மீட்டும் வில்லை) மீட்டினால்தான் ‘உண்மையான’ நாதம் என்று இன்னமும் தேடுபவர்கள் உண்டு. அதன் பன்னாட்டு வணிகத்துக்கு 1970களிலேயே தடை வந்துவிட்டது. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆமை அது. ஒரு சுரத்தின் மினுக்குக்காக அதைத் தோலுரிப்பதை என்னால் ஏற்க முடியாது. மினுக்கு வேண்டுமா, கிதாரின் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரல் நகர்ந்து மீட்டுங்கள். மேற்சுரங்கள் தாமாகவே தூக்கலாகும்.

வாசகருக்கு ஒரு பயிற்சி. சீராகச் சொடுக்கித் தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50இல் வையுங்கள். இடக்கையால் கம்பிகளை லேசாக மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொடுக்கையும் இரண்டாம், நான்காம் அடியாக எண்ணுங்கள். சொடுக்குதான் உங்கள் மாண்டலின். முதல், மூன்றாம் அடிக்குச் சொடுக்கே வராது; அந்த இரண்டு ‘டும்’மையும் உங்கள் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.