ரவுட்டர்: திசைவியா, மடைமாற்றியா?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் கோவை அவிநாசி சாலையில் ஒரு விடுதியில் தங்கினோம். நான், மனைவி, மகள், அப்பிச்சி (தாய்வழித் தாத்தா), நாலு பேருக்கும் ஒரே அறை. மேசைமேல் ஓர் அட்டை இருந்தது: 'அறை ஒன்றுக்கு இரண்டு சாதனங்கள் மட்டுமே. சொந்தத் திசைவி பயன்படுத்தக் கூடாது.' அப்பிச்சி கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"ஏங்கண்ணு, திசை பாக்கற கருவிய எதுக்கு வேண்டாங்கறாங்க?"

"அது ரவுட்டருங்க அப்பிச்சி."

"அப்படியே எழுதிப்போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே. நம்ம தோட்டத்து ஊட்லயே ஒண்ணு இருக்குதல்லொ."

எண்பது வயதுக்காரருக்குத் தெரிந்த ஒரு பொருளைத் தெரியாததாக்கிவிட்டது அந்தத் தமிழ்ச்சொல். இந்தத் திசைவியை அறிவிப்புகளிலும் பயன்பாட்டுக் கையேடுகளிலும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ரூட் என்றால் வழி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீன் மூலம் ருப்டா, 'வெட்டித் திறந்த' பாதை. இணையத் தரவை வழிப்படுத்தி அனுப்பும் கருவி ரூட்டர். அமெரிக்க உச்சரிப்பில் ரவுட்டர். தச்சுப் பட்டறையில் பள்ளம் எடுக்கும் ரவுட்டருக்கு மூலமே வேறு.

இதில் திசை எங்கே இருக்கிறது? திசை வேறு, வழி வேறு. ஈரோட்டுக்கு வடகிழக்கே சேலம் என்று சொல்வது திசை. பவானி வழியா, சங்ககிரி வழியா என்று சொல்வது வழி. ரவுட்டருக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. அடுத்து, சொல்லாக்கம். கல் என்ற வினையிலிருந்து கல்வி, கேள் என்பதிலிருந்து கேள்வி, பிற என்பதிலிருந்து பிறவி. 'வி' வினையோடு சேரும் விகுதி. திசை என்ற பெயரோடு அது எப்படி ஒட்டும்? வினைதான் வேண்டுமென்றால் பழந்தமிழில் திசைத்தல் உண்டு. அதற்குப் பொருள் திகைத்தல், மயங்குதல். திசைகாட்டி என்று ஊரறிந்த ஒரு சொல் இருக்கும்போது, அதன் பாதியை எடுத்து வேறொரு கருவிக்கு வைத்தால் அப்பிச்சிக்கு வந்த ஐயம் யாருக்கும் வரும்.

வழிச்செயலி என்பாரும் உண்டு. செயலி என்ற சொல்லை ஏற்கெனவே ஆப்புக்குக் கொடுத்துவிட்டோம். வழிச்செயலி என்றால் ஊருக்கு வழி காட்டும் ஆப் என்றுதான் நினைப்பார்கள். ஆற்றுப்படுத்தி என்றார் ஒரு நண்பர். ஆறு என்றால் வழி, அழகான சொல்தான். ஆனால் ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்று மனநல ஆலோசகர்.

அந்தக் கருவி விடுதி அறையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் சொல் தானே வரும். விடுதியின் இணையத்தில் சேர்ந்ததும் அறை எண்ணையும் பெயரையும் கேட்டு ஒரு பக்கம் திறக்கும். அதன்பின் ஒவ்வொரு கருவியையும் அதற்கென்று உள்ள அடையாள எண்ணை (வன்பொருள் முகவரி) வைத்து எண்ணிக்கொள்வார்கள். மூன்றாவது போனுக்கு இடமில்லை. டிவியில் செருகும் ஸ்டிக்கில் அந்தப் பக்கத்தைத் திறப்பதே பெரும்பாடு. உள்ளங்கை அளவு பயண ரவுட்டர் ஒன்று இருந்தால் அது மட்டும் ஒருமுறை உள்ளே நுழையும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கருவி. அதன் பின்னால் இருக்கும் போன்களுக்கும் மடிக்கணினிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை அதுவே கொடுக்கும். எந்தக் கருவி எதைக் கேட்டது என்று குறித்துவைத்து, வருகிற பதிலை அந்தக் கருவிக்கே திருப்பிவிடும்.

இது மடை மாற்றுகிற வேலை. மஞ்சக்காட்டில் தண்ணி கட்டுகிறவரைப் பாருங்கள். மோட்டாரிலிருந்து வருவது ஒரே வாய்க்கால். ஒரு பாத்தி நிறைந்ததும் மம்பட்டியால் ரெண்டு கொத்து மண்ணை அள்ளி மடையை அடைப்பார். அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிடுவார். எந்தப் பாத்தி குடித்தது, எது காய்கிறது என்பது அவர் மனதில் இருக்கும். ரவுட்டரும் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை. தரவைப் பொட்டலம் பொட்டலமாக ஒன்றன்பின் ஒன்றாக விடுகிறது. வேகத்தில் நமக்குத் தெரிவதில்லை. முறை வைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதா? கீழ்பவானி வாய்க்காலில் ஒருமுறை ஒற்றைப்படை மதகுகளுக்கு, மறுமுறை இரட்டைப்படை மதகுகளுக்கு என்று தலா 1,03,500 ஏக்கருக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ருப்டாவின் 'வெட்டித் திறந்த' என்ற பொருளும் மடைமாற்றியில் அப்படியே நிற்கிறது.

நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதுவதால் சொல்லுக்குக் கறை படிந்துவிட்டது என்பார்கள். பணத்தைத் தப்பான பாத்திக்கு விட்டவர் செய்த குற்றம் அது. மடை என்ன செய்யும்?

மொழிபெயர்க்கிறவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு சொல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஹாட்ஸ்பாட்டைச் 'சூடான இடம்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். வைஃபைக்கு அருகலை என்று வைத்தவர் அப்படி விடவில்லை. அருகில் மட்டும் எட்டும் அலை என்று சொல்லே சொல்லிவிடுகிறது.

மடைமாற்றி பழகும்வரை ரவுட்டர் என்றே எழுதலாம், தப்பில்லை. அந்த அட்டையை என்னிடம் கொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'ஓர் அறைக்கு இரண்டு கருவிகளை இணைக்கலாம். கூடுதலாக வேண்டுமென்றால் வரவேற்பில் சொல்லுங்கள். சொந்த மடைமாற்றியை (ரவுட்டர்) இணைக்க வேண்டாம்.'