பாம்பு கடித்தால் காலைக் கட்டாதீர்கள்

போன வாரம் இன்னொரு கால். கணுக்காலுக்கு மேலே துப்பட்டாவை முறுக்கி இறுக்கியிருந்தார்கள். கீழே பாதம் நீலம் பாரித்து வீங்கிக் கிடந்தது. வேலூர் பக்கத்து அமிர்திக் காட்டுப் பாதையில் நண்பர்களோடு நடக்கப் போன கல்லூரிப் பையன். செருப்புக் காலோடு சருகை மிதித்திருக்கிறான். முதலில் கட்டு, அப்புறம் வழியில் பச்சிலை, கடைசியில்தான் எங்கள் அவசரப் பிரிவு. உயிர் பிழைத்தான். காலில் சதை அழுகிவிட்டது.

"விஷம் ஏறக் கூடாதுன்னுதானே சார் கட்டினோம்?" ஒவ்வொரு முறையும் இதே கேள்வி.

கட்டு விஷத்தை நிறுத்தாது, ரத்தத்தைத்தான் நிறுத்தும். நம் பக்கத்துச் சருகிலும் கல்லிடுக்கிலும் கிடக்கும் சுருட்டை விரியனானாலும் சரி, வயல் வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியனானாலும் சரி, கடித்த இடத்துச் சதையையே அரிக்கக்கூடிய விஷம். கட்டுப் போட்டால் அந்த விஷம் அங்கேயே தேங்கும், ரத்த ஓட்டமும் இருக்காது. கால் போவதற்கு வேறென்ன வேண்டும்? கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயும். தெரியாமல் கட்டிவிட்டீர்களா? வழியில் அவிழ்க்காதீர்கள், அப்படியே வாருங்கள். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு நாங்கள் அவிழ்க்கிறோம். கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம்.

பச்சிலையில் பிழைத்தவர்களை எனக்கும் காட்டுகிறார்கள். அவர்களைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும், அல்லது விஷப் பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். இரண்டும் அடிக்கடி நடப்பவை.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். நாகம், கட்டுவிரியன், இந்த இரண்டு விரியன்கள் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்போம். "சும்மா நிக்கிறாங்க" என்று அப்போது உறவினர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அது சிகிச்சையின் முதல் படி, பொறுத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லை என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. கட்டுவிரியன் கடித்த தடம் சில நேரம் கண்ணுக்கே தெரியாது. இமை சரியத் தொடங்கினால் மூச்சுக்கும் ஆபத்து.

சின்னப் பாதைதானே என்று செருப்போடு போகாதீர்கள். கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேன்ட். பாதையை விட்டு இறங்கிப் புதரில் படம் எடுக்க வேண்டாம். பாறையில் உட்காருமுன் குச்சியால் தட்டுங்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

கடித்துவிட்டால் ஓடவிடாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றி, அசையாமல் தூக்கி வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அமிர்தியிலிருந்து கணியம்பாடி வழியாக வேலூர் வந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு இல்லை. உங்கள் பிள்ளையாக நினைத்துக் கேட்கிறேன், வேறெங்கும் வண்டியை நிறுத்தாமல் நேராக அங்கே போங்கள்.