காரோடு பேச எந்த அடாப்டர்?

உப்புவெளியில் இருக்கும் என் மச்சானின் டொயோட்டா விட்ஸ் காரில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. கராஜில் ஸ்கேன் செய்தார்கள். பி0171 என்று ஒரு பிழைக் கோட் வந்தது. புகையிலுள்ள ஒக்சிஜனை அளக்கும் சென்சரை மாற்றினார்கள். மூன்றாம் நாள், கந்தளாய் தாண்டுவதற்குள் அதே விளக்கு. அன்று பின்னேரமே கேட்டார்: "மச்சான், நானே ஒரு ஸ்கேனர் வாங்கவா? எதை வாங்கிறது?"

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 துளையுள்ள ஒரு சொக்கெட் தெரியும். ஓபிடி 2 என்பார்கள்; கார் தன் பழுதைத் தானே கண்டு சொல்லும் முறை அது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்து. புகையைக் கட்டுப்படுத்தத்தான் அந்தச் சட்டம் வந்தது. ஆகவே எஞ்சினும் புகையும் சம்பந்தப்பட்ட தகவல்களுக்கு மட்டுமே எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான மொழி உண்டு. ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக், ஹைபிரிட் பற்றரி பற்றியெல்லாம் ஒவ்வொரு கம்பனியின் காரும் தன் சொந்த மொழியில்தான் பேசும். நம்மூரில் ஓடும் கார்களில் பல, ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்யப்பட்டு இங்கே வந்தவை. அவற்றில் பழையவை சிலவற்றில் சொக்கெட் அச்சாகப் பொருந்தும், ஆனால் பொது மொழியில் கேட்டால் பதில் வராது. வாங்குவதற்கு முன், அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் விசாரியுங்கள்.

வீட்டு ஸ்கேனர் என்பது இரண்டு பாகம்: சொக்கெட்டில் செருகும் சிறு அடாப்டர், போனில் ஓடும் ஆப். அடாப்டரின் வேலை மொழிபெயர்ப்புதான். எஞ்சின் தண்ணீரின் சூட்டை அறிய ஆப் "01 05" என்று கேட்கிறது. அடாப்டர் அதைக் காரின் வயருக்கு ஏற்ற மின்துடிப்பாக மாற்றி அனுப்புகிறது. "41 05 82" என்று பதில் வருகிறது. 41 என்றால் 01க்கான பதில். 05 என்பது கேட்ட விஷயம். 82 என்பது பதினாறின் அடிப்படையில் எழுதிய எண்: 8 பதினாறுகளும் 2ம் சேர்ந்து 130. அதில் 40ஐக் கழித்தால் 90 பாகை செல்சியஸ். ஏன் 40? பனி நாடுகளில் பூச்சியத்துக்குக் கீழே போகும் சூட்டையும் கழித்தல் குறி இல்லாமல் எழுதத்தான். எத்தனை எளிமையான யுக்தி!

இந்த மொழிபெயர்ப்புக்குப் பெயர்பெற்றது எல்ம் 327 என்ற சிப். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. முதல் பதிப்புக்கு நகல் பாதுகாப்பு இல்லாததால் பிரதிகள் குவிந்தன. பல பிரதிகளில் 1.5 என்று போட்டிருக்கும். அந்தக் கம்பனி அப்படியொரு பதிப்பை வெளியிடவே இல்லை. 2.1 என்று வரும் மலிவான சிலவற்றில் பல கட்டளைகள் வேலை செய்வதில்லை. வெறும் கோட் பார்க்க மலிவானது போதும். ஹைபிரிட் பற்றரியைப் பார்ப்பதென்றால் ஓபிடிலிங்க், விகேட் போன்ற நம்பகமான ஒன்றுக்குச் செலவழியுங்கள். ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ உள்ளதை எடுக்கவேண்டும். பழைய புளூடூத் பெரும்பாலும் அதில் சேராது.

சரி, எந்த ஆப்? பொது வேலைக்கு டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர். டொயோட்டா ஹைபிரிட்டுக்கு டாக்டர் ப்ரியஸ், நிசான் லீஃபுக்கு லீஃப் ஸ்பை. ஆனால் கோட்டை மட்டும் காட்டும் ஆப் எனக்கு வேண்டாம். ஓடும்போது எண்கள் மாறுவதையும் காட்டவேண்டும்.

மச்சானின் காரில் அதுதான் கைகொடுத்தது. பி0171 என்றால் "பெற்றோலுக்குக் காற்று அதிகம்" என்று மட்டுமே பொருள். எந்தப் பாகம் பழுது என்று அது சொல்வதில்லை. கம்ப்யூட்டர் எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்பதை ஃபியூவல் ட்ரிம் காட்டும். வீட்டு வாசலில் சும்மா ஓடவிட்டபோது அது +22 சதவீதம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் +6க்கு இறங்கியது. எங்கோ ஓட்டை வழியாக, அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது! எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது அந்தச் சிறு கசிவின் பங்கு குறைந்துவிடும், அதுதான் காரணம். பொனட்டைத் திறந்து தேடினோம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த ஒரு வெக்யூம் குழாய், வளையும் இடத்தில் நகக்கீறல் அளவு வெடித்திருந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். கோட்டை எழுதிவைக்காமல் அழிக்காதீர்கள்; விளக்கு எரிந்த கணத்தில் சூடு, வேகம், சுற்று எவ்வளவு என்று கார் பதிந்துவைத்த குறிப்பும் சேர்ந்தே அழியும். அப்புறம், 16ஆம் துளையில் சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் இருக்கும்; செருகியே விட்டால் அடாப்டர் கார் பற்றரியை மெல்ல இறக்கும். கொழும்புக்குப் போய் இரண்டு கிழமை நிற்பதென்றால் அடாப்டரைக் கழற்றி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போங்கள்.